கால்வாயைத் தாண்டி வந்த ஃபோர்ட் கொச்சி

என் வீட்டு ஜன்னலை விளம்பரத்தில் நான் முதன்முதலாகப் பார்த்தது மகளின் போனில். களமசேரியில் காலேஜுக்குப் போகிறவள். பஸ்ஸில் வரும்போது யாரோ அனுப்பினார்களாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பச்சை பெயிண்ட் உரிந்த மரச்சட்டம், வலது கதவில் ஒரு பலகை இல்லாத இடம், அங்கே நான் செருகி வைத்திருக்கும் அட்டை, எல்லாம் அப்படியே இருந்தன. கம்பியில் நான் காயப்போட்டிருந்த பிளவுஸ் லைனிங் துணிகளை மட்டும் காணோம். என்னவோ செய்து அழித்துவிட்டார்கள். துணி தொங்கிய இடத்தில் காகிதப்பூக் கொடி ஒன்று கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்கியது. எங்கள் சந்தில் யார் வீட்டிலும் காகிதப்பூ கிடையாது.

படத்துக்குக் கீழே இருந்ததை மகள் படித்துச் சொன்னாள். ஃபோர்ட் கொச்சியின் நடுநாயகமான இடத்தில் பாரம்பரிய மாளிகை. கடற்கரைக்கு நடந்தே போகலாம். உடனே குடியேறலாம். நாங்கள் மூன்று பேர் உள்ளே சோறு பொங்கித் தின்றுகொண்டிருக்கிறோம், உடனே குடியேறலாமாம்.

இது மாளிகையும் இல்லை, ஃபோர்ட் கொச்சியும் இல்லை. மட்டாஞ்சேரி. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் மூட்டை சுமந்தவர். கிட்டங்கி முதலாளி ஒரு குஜராத்திச் சேட்டு. தன்னிடம் நேர்மையாக வேலை பார்த்தவருக்கு இந்தப் பழைய வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குக் கொடுத்தார். மாடியில் அவருடைய பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட்டார். நான் பிறந்தது இங்கேதான். அம்மா வார இதழ்களை வைத்து எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்ததும், நான் தையல் மிஷின் வாங்கிப் போட்டதும், கல்யாணமாகி என் புருஷன் பெட்டியோடு வந்து சேர்ந்ததும் இந்த வீட்டில்தான். அவர் தேவராவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். பெரிய சேட்டு போன பிறகு அவருடைய மகன் சேட்டு ஆனார். அவர் மும்பைக்குக் குடிபெயர்ந்த பிறகும் எங்களை யாரும் கிளம்பச் சொன்னதில்லை. எழுத்துமில்லை, பத்திரமுமில்லை. எல்லாம் வாய்ச்சொல்தான்.

எங்களுக்கு எல்லை என்றால் கால்வாய். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஃபோர்ட் கொச்சி, இந்தப் பக்கம் மட்டாஞ்சேரி. அந்தப் பக்கம் அகலமான தெரு, பெரிய மரம், வெள்ளைக்காரன் ஏறி இறங்கும் ஹோட்டல். இந்தப் பக்கம் லாரி, ஆடு, சுக்குத் தூசி, மூட்டை பிரிக்கும்போது கிளம்பும் மிளகாய் நெடி. இதை யாரும் வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, மட்டாஞ்சேரி என்று சொன்னதும் பெஞ்சில் பக்கத்திலிருந்தவள் தன் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். சினிமாவில் கத்தி எடுக்கிறவன் வேண்டுமென்றால் அவன் எங்கள் ஊர்க்காரன். சம்பந்தம் பேச வருகிறவர்கள் "மட்டாஞ்சேரியா..." என்று இழுப்பார்கள். அந்த இழுப்பையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவர்கள் நாங்கள். இப்போது விற்கிற நேரம் வந்ததும் அந்தப் பெயர் எங்களைக் கேட்காமலே கழன்று விழுந்துவிட்டது.

ஒரே நாளில் அது நடக்கவில்லை. முதலில் பாலத்தடியில் ஒரு காப்பிக்கடை வந்தது. போர்டில் ஃபோர்ட் கொச்சி என்று எழுதியிருந்தார்கள். போகட்டும், பாலத்தடிதானே என்று விட்டோம். அப்புறம் அதற்கு அடுத்த வளைவில் ஒரு ஹோம்ஸ்டே, பிறகு இடிந்து கிடந்த அரிசிக் கிட்டங்கியில் படங்கள் மாட்டிய ஒரு கூடம். ஃபோர்ட் கொச்சி ஒவ்வொரு கட்டடமாகத் தாண்டி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அப்படியும் எட்டாத இடங்களுக்கு ஒட்டுப்போட்ட பெயர்கள் வைத்தார்கள். ஃபோர்ட் கொச்சி ஈஸ்ட், ஓல்டு ஃபோர்ட் கொச்சி. அப்பா இருமி இருமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கிட்டங்கித் தெருவுக்கு ஃபோர்ட் கொச்சி ஸ்பைஸ் குவார்ட்டர் என்று பெயர். அதை முதலில் கேட்ட அன்று காறித் துப்பினேன். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே துப்பினேன்.

ஒருநாள் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு வெளிநாட்டுப் பெண் எங்கள் சந்துக்குள் வந்து, கடற்கரை எங்கே என்று கேட்டாள். வியர்வையில் அவள் முகமே சிவந்து போயிருந்தது. அறை எடுத்த இடத்திலிருந்து நடந்தே போகலாம் என்று சொன்னார்களாம். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஓர் ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டேன். அவளிடம் பொய் சொன்னவன் யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் சந்திலேயே வளர்ந்தவன்.

புரோக்கரைத்தான் சொல்கிறேன். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே கிட்டங்கியில் மூட்டை தூக்கினவர்கள். டவுசர் போட்ட வயதில் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து தோசை தின்றவன். அவன் தங்கையும் அவள் மகளும் இன்றும் சந்தின் கடைசி வீட்டில்தான் இருக்கிறார்கள். இவன் மட்டும் தேவராவில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனான். தமிழை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது, மலையாளம்தான் எழுதுவான். பேச்சு மட்டும் எங்கள் வீட்டுப் பேச்சு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் இரண்டு போனுமாக வருவான். எந்த நேரத்திலும் ஒரு போனில் யாரிடமாவது தேனொழுகப் பேசிக்கொண்டிருப்பான்.

விளம்பரம் வந்த வாரமே அவனைச் சந்து முனையில் மடக்கினேன்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம் எப்படா ஃபோர்ட் கொச்சி ஆச்சு?"

"அக்கா, சூடாகண்டா, கோவப்படாதீங்க. காருல வர்றவன் பாலத்தையே பாக்க மாட்டான். ஒரு மிதி மிதிச்சா தாண்டிரும்."

"கால்வாய் நாத்தம் அடிக்குமே, அதுவும் தெரியாதா?"

"ஏசி போட்டுக் கண்ணாடி ஏத்தியிருப்பாங்கக்கா." கொஞ்சமும் கூசாமல் சொன்னான். "ஆளுங்க தேடுறது ஃபோர்ட் கொச்சி. மட்டாஞ்சேரின்னு போட்டா ஒருத்தனும் விளிக்க மாட்டான். நான் என்ன செய்ய?"

"நீ பொறந்தது எங்கடா?"

"அத ஆரு கேக்கறா?" என்று பல்லிளித்தான். அதற்குள் போன் அடித்தது. "ஆமா சார், ஃபோர்ட் கொச்சிதான் சார்" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான்.

மழைக்காலம் முடிந்த பிறகு நான் மும்பைக்குப் போன் போட்டுச் சேட்டுவிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் ஒளித்துப் பேசத் தெரியாத மனிதர். உடம்பு முடியவில்லை, பிள்ளைகள் விற்கச் சொல்லி நெருக்குகிறார்கள், புரோக்கர் சொல்லும் விலையைக் கேட்டதும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை என்றார். மழைக்காலத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். இரண்டு பேருமே தண்ணீர் ஏறும் இடம் என்று தெரிந்து பின்வாங்கிவிட்டார்கள். இன்னும் ஒரே ஓர் ஆள் பெங்களூரிலிருந்து வரப்போகிறாராம். அவரும் வேண்டாமென்றால், இந்தப் பேச்சை விட்டுவிடச் சொல்லிப் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லிவிடுகிறேன், நீ நிம்மதியாக இரு என்றார். அவர் சொல் மாற மாட்டார் என்பது எனக்குத் தெரியும். வரப்போகிற அந்த ஆள் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும். என் வீடு எனக்குத் தங்குவதும் போவதும் அதில்தான் இருந்தது.

முதலில் வந்த இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொண்டது என்னால்தான். வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்த ஒரு கோடு உண்டு. தண்ணீர் எதுவரை வரும் என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே தையல் மிஷினின் கால்களுக்கு அடியில் சிமெண்டுக் கற்களை அடுக்கி வைத்திருக்கிறேன். புரோக்கர் மாடியின் மர உத்தரத்தைப் பற்றி அளந்துகொண்டிருக்கும்போது, நான் கீழே வாசலில் நின்று அந்தக் கோட்டைக் காட்டுவேன். கற்களைக் காட்டுவேன். இரண்டு தடவையும் வந்தவர்களின் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். அவன் என்னைத் திட்டவே இல்லை. சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகை மாதம், மலையாளத்தில் விருச்சிகம் என்பார்கள். அப்போது காயலில் வேலியேற்றம் வரும், கடல் பொங்கி ஏறுவதை அப்படித்தான் சொல்வோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடிவதற்கு முன்பே கால்வாய்த் தண்ணீர் சாக்கடை வழியாக ஏறிச் சந்துக்குள் வந்து, வீட்டுப் படிகளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கும். வெயில் ஏறும்போது வந்த வழியே இறங்கிப் போகும். போகும்போது கறுப்புச் சேற்றையும் ஊரில் உள்ள குப்பை எல்லாவற்றையும் எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போகும். இது வருஷா வருஷம் நடப்பது. தைவரை நீளும். பெரிதாக யாரும் புலம்புவதில்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டால் அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அப்படி நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. அதனால் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், ஜாதி மதம் பார்க்காமல், சந்து முழுக்க இறங்கிக் கழுவிவிடும். அவரவர் வாசலிலிருந்து நடுச்சந்துவரை அவரவர் பொறுப்பு. சேற்றை வாரி, பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரை ஊற்றித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் தூவி, அந்த வாடை போக சாம்பிராணி போடுவோம். வந்தவர்கள் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும். இங்கே வெள்ளம் கேறாது. வெள்ளம் என்றால் எங்களுக்கு எந்தத் தண்ணீரும் வெள்ளம்தான், கேறுவது என்றால் ஏறுவது.

எனக்கும் அப்படித்தான் கல்யாணம் நடந்தது. மாமியார் வந்து பார்த்த அன்று சந்து பளிச்சென்று இருந்ததாம். "இங்க தண்ணி கிண்ணி வருமா?" என்று கேட்டதற்கு எதிர்வீட்டு இத்தா முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். கல்யாணமான முதல் கார்த்திகையில் ஒருநாள் காலையில் என் புருஷன் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார். கணுக்கால்வரை தண்ணீர். செருப்பு கதவோரம் மிதந்துகொண்டிருந்தது. அதை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த இத்தாதான் இந்தக் கழுவலுக்கெல்லாம் தலைவி. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். எனக்குப் பத்து வயது மூத்தவர். அவர் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் சந்தே விளக்குமாற்றோடு இறங்கும்.

கார்த்திகை அமாவாசையை ஒட்டி, ஒரு சாயங்காலம் இத்தா என் வாசலில் வந்து நின்றார்.

"எடீ, கேட்டியா? புரோக்கர் தங்கச்சி மோளப் பெண்ணு பார்க்க நாளைக்குக் காலையில ஆளு வர்றாங்களாம். நல்ல எடமாம். நாளைக்கு வெள்ளம் கேறுமே, கொஞ்சம் பாத்துக்கோங்க இத்தான்னு என் காலப் புடிக்காத கொறையாச் சொல்லிட்டுப் போறான்."

"தங்கச்சியும் மகளும் வீட்ல இல்லையே?"

"வைப்பின்ல மாமியார் வீட்டுக்குப் போயிருக்காங்க. காலைல முதல் படகுல வந்துருவாங்களாம்."

அந்தப் பெண் வயதுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள் நான். தங்கமான பெண். போன வருஷம் ஒரு சம்பந்தம் கூடி வந்து, தண்ணீரைப் பார்த்து நின்றுபோனது. கழுத்து அளவு எடுக்கும்போது அவள் கண்ணீர் என் கையில் விழுந்தது. மாமன்காரன் மேல் இருக்கிற எரிச்சலை அவள் மேல் காட்ட எனக்கு மனசு வரவில்லை. இத்தாவிடம் சரி என்றேன்.

மறுநாள் காலை தண்ணீர் நன்றாகவே ஏறியது. இறங்கத் தொடங்கியதும் எல்லோரும் இறங்கினோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றை வாரினேன். அதில் என்னவெல்லாம் இருந்தது என்று எழுதவே கை கூசுகிறது. அழுகிய மீன், குழந்தைகளுக்குக் கட்டும் டயாபர், யாரோ தின்றுவிட்டுப் போட்ட பிரியாணிப் பொட்டலம். என் புருஷன் வேலைக்குப் போவதற்கு முன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வருகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தானே கடைசி வீட்டுக்குப் போக வேண்டும்? சுவரில் இருக்கும் உப்புக்கோட்டை அவர்கள் பார்த்தால் என்ன ஆவது? மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்து, பழைய துணியைச் சுற்றிய குச்சியால் அந்தக் கோட்டின் மேல் நானே பூசினேன். ஒரு தடவை பூசியது போதாது என்று இன்னொரு தடவையும் பூசினேன். சாம்பிராணிச் சட்டியைச் சந்து முனையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு நல்லது நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

படகில் வரும் தங்கையையும் மகளையும் இன்னும் காணோமே என்று பேசிக்கொண்டிருக்கும்போதே கார் சந்து முனையில் வந்து நின்றது. முன்னால் புரோக்கர். பின்னால் சுருக்கம் விழுந்த விலைகூடிய சட்டை போட்ட ஒருவர், கைத்தறிச் சேலையில் ஒரு அம்மா. மாப்பிள்ளையின் அப்பா அம்மா, பையன் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்று சிரித்தேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போகவில்லை. என் வீட்டு முன்னால் நின்றார்கள். அந்த மனிதர் அண்ணாந்து கூரை ஓட்டைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து என் ஜன்னலைப் படம் பிடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புரோக்கர் என் கண்ணைப் பார்க்காமல், தூணைத் தட்டி அதன் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஃபோர்ட் கொச்சி என்ற வார்த்தை வாக்கியத்துக்கு ஒரு தடவை வந்து விழுந்தது.

நான் படியிறங்கி அந்த அம்மாவின் எதிரே போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தண்ணீர் வரும், தினமும் காலையில் வரும், இதோ இதுவரை வரும் என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். கழுவித் துடைத்த கல். சுவரைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. சாம்பிராணிப் புகையை மூச்சிழுத்துவிட்டு என்னைப் பார்த்துப் பரிவாகப் புன்னகைத்தார். புரோக்கர் அவர் காதோரம் ஏதோ சொன்னான். டெனன்ட் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் குடியிருப்பவள் இப்படித்தானே சொல்வாள் என்பது போல அவர் தலையசைத்தார்.

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன். "இத்தா, இங்க வாங்க. நீங்களே இவங்ககிட்ட சொல்லுங்க, இங்க வெள்ளம் கேறுமா, கேறாதா?"

இத்தா இதற்காகவே காத்திருந்தது போல, நல்ல புடவை உடுத்தி, சாயாவும் பழம்பொரியும் வைத்த தட்டோடு வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் எடுத்துக்கொடுக்கிறேன், பதிலை அவர் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

"இங்கயா? வெள்ளமா? நல்லாக் கேட்டே போ! நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து ஒரு சொட்டு வெள்ளம் கேறினதில்ல."

அடுத்த வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல், "கேறாது, கேறாது." மாடி ஜன்னலிலிருந்து இன்னொரு குரல், "ஏய், இல்ல, வெள்ளமொண்ணும் கேறாது." ஈர விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சந்தே ஒரு வாயாக அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்காகப் பொய் சொன்னது. அந்த அம்மாவுக்குத் தமிழோ மலையாளமோ முழுசாகப் புரிந்திருக்காது. ஆனால் அத்தனை பேர் தலையாட்டிச் சிரித்தது புரிந்திருக்கும். இரண்டு கையாலும் கும்பிட்டுச் சாயா வாங்கிக் குடித்தார். எவ்வளவு சுத்தம், எவ்வளவு அன்பான மனிதர்கள் என்று தன் கணவரிடம் சொன்னார்.

"பையன் பின்னால வர்றானா?" என்று இத்தா புரோக்கரிடம் கேட்டார். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றான். இத்தா என் முகத்தைப் பார்த்தார், அவர்கள் படம் பிடிக்கும் ஜன்னலைப் பார்த்தார். தட்டு கையில் சரிந்தது. ஒரு பழம்பொரி கழுவிய கல்லில் விழுந்து உருண்டது. "எடா..." என்று மட்டும் சொன்னார்.

அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு அவன் திரும்பி வந்தான். ஓடிப்போயிருக்கலாம். ஓடக்கூட வெட்கம் வேண்டுமே!

"பெத்த மக மாதிரி இருக்கிறவளோட கல்யாணத்தச் சொல்லியாடா வித்தே?" என்றேன்.

"அக்கா, நான் இதப் புதுசா எங்கயும் போய்ப் படிச்சிட்டு வரல்ல. இந்தச் சந்துல படிச்சதுதானே." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "உங்க மாமியார்கிட்ட சொன்னது மட்டும் நேரா, நெசமா?"

என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் வெள்ளைச் சட்டையில் என் கைச் சேற்றை அப்பினேன். அதையெல்லாம் செய்தும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. என்னை அவன் ஏமாற்றியதைவிட, அதற்கு எங்கள் கையையே அவன் எடுத்துக்கொண்டதுதான் எனக்குக் குமட்டியது. எங்களுக்குள் ஒருவருக்கொருவர் காட்டிய கரிசனத்தைக் கொண்டுபோய் வீட்டு விலையில் சேர்த்துவிட்டான். அந்தச் சுண்ணாம்பை என் கையால் பூசினேனே என்று நினைத்து நினைத்துக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

இத்தா அதன் பிறகு பல நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் நானே போனேன். சாயாத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர், "என் நாக்கு அழுகிப் போகட்டும்டீ" என்று அழுதார். நான்தானே இத்தா கூப்பிட்டுக் கேட்டேன் என்றேன். புரோக்கரின் தங்கையும் மகளும் வைப்பினிலிருந்து திரும்பி வந்தபோது இந்தக் கதை அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் என் வாசல் வழியாகத் தலை குனிந்து போகிறாள். இப்போதெல்லாம் அவள் பிளவுஸ் தைக்கக் கொடுப்பது வேறு யாரிடமோ.

சேட்டு போன் செய்தார். அவர் குரலே கம்மியிருந்தது. அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, மாசிக்குள் காலி செய்து கொடுத்துவிடு, என்னை மன்னித்துவிடு என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வாக்கு மாறாதவர்தான். மூன்றாவது ஆளும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்பதுதான் அவருடைய வாக்கு.

வீடு தேடி அலைந்தோம். எங்கள் சந்துக்குப் பக்கமாக, கூவப்பாடம், செர்லாய் என்று எங்கே கேட்டாலும், இது ஃபோர்ட் கொச்சியாச்சே என்று ஆரம்பித்தார்கள். எங்களால் கொடுக்க முடிந்த வாடகையைச் சொன்னதும் சிரித்தார்கள். கடைசியில், தை மாதத்தில், வேறொரு புரோக்கர் தன் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஆட்டோவில் வரச் சொல்லி என்னை அழைத்துப் போனான். மட்டாஞ்சேரி எல்லை முடிந்து தோப்பும்படியும் தாண்டியது. அதற்கு அப்புறமும் போய்க்கொண்டே இருந்தோம். பள்ளுருத்திக்குள் எங்கோ ஒரு சந்து முனையில் நிறுத்தினான்.

"இது எந்த எடம்?" என்று கேட்டேன்.

"மட்டாஞ்சேரிதன்னே சேச்சி."

"தோப்பும்படி தாண்டி எவ்வளவு நேரமாச்சு!"

"இப்போ இதெல்லாம் மட்டாஞ்சேரியாணு. சேச்சிக்கு மட்டாஞ்சேரி அறியில்லே?"

பிறந்து வளர்ந்த ஊர் எனக்குத் தெரியாதா என்று அவன் முகத்தில் அறைகிற மாதிரி கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளே ஏதோ இளகிக் கொடுத்துவிட்டது. ஊரில் யாராவது கேட்டால், இன்னும் மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. பெங்களூர்க்காரர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

சந்துக்குள் நடந்தோம். தரை ஈரமாக, ஒரு குப்பை இல்லாமல் இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை. அதன் மேல் சாம்பிராணி. காட்டிய வீட்டின் சுவரில் முழங்காலுக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று இவர்களிடம் சொல்லி வைத்தானோ!

எதிர்வீட்டு வாசலில் என் வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். நைட்டியின் கீழ் ஓரம் நனைந்து கறுத்திருந்தது. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். என்னைப் பார்த்து முகம் நிறையச் சிரித்தாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "இவிடெ வெள்ளமொந்நும் கேறில்லா, கேட்டோ."

"அறியாம், சேச்சி" என்றேன். எனக்குத் தெரியும் என்று.

என் கண் அவள் நைட்டி ஓரத்துக்குப் போனதை அவள் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது. பின்னால் இருந்த கை முன்னால் வந்தது. விளக்குமாற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் புரோக்கரிடம் திரும்பி, சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். வரும்போது மிஷினுக்கு அடியில் வைக்கும் கற்களையும் மறக்காமல் ஏற்றி வர வேண்டும்.